திரும்பி ஏறும் படிகள்

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழிந்தபின் மறுபரிசோதனைக்கு வருவோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் எல்லாரும் கொல்லிமலை அருவிக்குப் போகிறார்கள். நானும் போகலாமா?" அருகில் நிற்கும் மகளின் முகத்திலோ, 'வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்' என்னும் வேண்டுதல் தெரியும். இருவர் மனமும் நியாயமானவையே. நோயிலிருந்து மீண்டவர்க்கு இப்பயணம், தாம் பழைய வாழ்வுக்குத் திரும்பிவிட்டோம் என்பதற்கான சான்று. உடனிருந்து பார்த்துக்கொண்டவர்க்கோ மருத்துவமனையில் விழித்திருந்த இரவுகள் இன்னும் மறக்கவில்லை. ஆசையையும் அச்சத்தையும் சேர்த்து வைத்துத் திட்டமிட்டால், பலரும் மகிழ்வுடன் போய்வரலாம்.

இவ்வருவியின் இயல்பு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஐயாறு பள்ளத்தாக்கில் வீழும் இடமே ஆகாய கங்கை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேற வேண்டும். கோயிலருகே வாகனம் நின்றுவிடும். அதன்பின் காட்டினூடே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன.

மலையுச்சிக்குச் செல்லும் பயணத்தில் ஏற்றம் முதலில் வரும். களைத்தவர் பாதியில் திரும்பினால் இறக்கம் எளிதாக இருக்கும். இங்கு அது தலைகீழ். இறங்கும்போது மூச்சு அதிகம் வாங்காது. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஒரு மாடிக்கு 20 படிகள் எனக் கொண்டால், 1000 படிகள் என்பவை 50 மாடிகள். அவற்றை ஏற வேண்டிய வேளையோ, இறங்கிக் களைத்து, குளித்து, பசித்து, வெயிலும் ஏறிய பிறகு. இறங்குவதும் உழைப்பே: ஒவ்வொரு படியிலும் உடலின் எடையைத் தொடைத்தசையும் முழங்காலும் தாங்கி நிறுத்துகின்றன. அதனால்தான் அடியில் சென்று நின்றதும் கால் நடுங்குகிறது. நடுவழியில் ஒருவர் தளர்ந்தால் அங்கு ஆம்புலன்ஸ் வர இயலாது. பிறர் சுமந்துதான் மேலே கொணர வேண்டும்.

ஆகவே இப்பயணத்தைக் கடைசிப் படியிலிருந்து திட்டமிடுங்கள். இறங்க முடியுமா என்பதன்று கேள்வி. இறங்கிய பின் ஏற முடியுமா என்பதே.

புறப்படுமுன்

மருத்துவரிடம் 'மலைக்குப் போகலாமா' என்று பொதுவாகக் கேளாதீர்கள். 'ஆயிரம் படிகள் இறங்கி ஏற வேண்டிய இடம்' என்று சொல்லிக் கேளுங்கள். அவர் தரும் விடை மாறக்கூடும். அவர் இசைந்தால், சில வாரங்கள் முன்னதாகவே வீட்டு மாடிப்படியில் சிறிது சிறிதாகப் பழகுங்கள். ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். சொற்கள் இடையில் அறுபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு, பயணத்தைப் பற்றி எண்ணுமுன் மருத்துவரைப் பாருங்கள்.

வழியில் கழிப்பிடம் தேட வேண்டுமே என்று சிறுநீர் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவோர் உண்டு. அது தவறு; வேளையை மாற்றலாமா என்று கேளுங்கள். 'மலையேறும்போது நிறைய நீர் அருந்துங்கள்' என்னும் அறிவுரையும் எல்லார்க்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக நீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் அன்றைக்கான அளவைக் கேட்டறிய வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசலில் உப்பு இருப்பதால் இவர்கள் அதையும் தாமாகப் பருகலாகாது.

இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், சர்க்கரையை மிகத் தாழ்த்தக்கூடிய மாத்திரை உண்போரும் வெறும் வயிற்றில் இறங்கலாகாது. நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே அமர்ந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்துங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். உடலுழைப்பின் விளைவாக அன்றிரவும் சர்க்கரை தாழக்கூடும் என்பதை வீட்டாரும் அறிந்திருக்கட்டும்.

மருந்துகளைக் கையில் தொங்கும் நெகிழிப்பையில் கொண்டுசெல்லாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். முதுகுப்பையே ஏற்றது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நீரிலும் வெறுங்காலுடன் நடத்தலாகாது. மழைக்காலத்தில் அட்டைகள் கடிப்பதுண்டு. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்க்குக் கடிவாயில் குருதி நெடுநேரம் கசியும் என்பதால் பஞ்சும் கட்டுத்துணியும் வேண்டும்.

முதல் நூறு படிகள்

காலையிலேயே தொடங்குங்கள். முதலில் 100 படிகள் மட்டும் இறங்கி, அங்கிருந்து ஏறி வாருங்கள். சற்று அமர்ந்த பின்னும் மூச்சும் படபடப்பும் அடங்கவில்லையெனில், அன்றைய பயணம் அங்கேயே நிறைவுற்றது என்று கொள்ளுங்கள். அடங்கினால் மெல்லத் தொடரலாம். இறங்க எடுத்த நேரத்தைப் போல் இருமடங்கை ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள். திரும்ப வேண்டிய மணியை மேலேயே முடிவு செய்துவிடுங்கள். அருவியைக் காணாவிட்டாலும் அம்மணியில் திரும்ப வேண்டும்.

நீரருகே சென்றதும் உடனே குளிக்காதீர்கள். சூடேறிய உடலில் குளிர்நீர் திடீரென விழுந்தால் இரத்த அழுத்தம் உயரும். இதயத்தின் சுமை கூடும். கால் மணி நேரம் அமர்ந்து, கைகால்களை நனைத்துப் பழகிய பின் ஓரமாக நின்று குளிக்கலாம். நேரே விழும் நீருக்குக் கீழே கழுத்து வலியுள்ளோர் நிற்கலாகாது. அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் ஆறாத காயம் உள்ளவர்களும் நீரிலிருந்து விலகியிருப்பதே நன்று. வலிப்பு நோய் உள்ளவர் நீரில் தனித்திருத்தல் கூடாது. தெளிந்த நீர் கலங்கினாலோ இலைதழைகள் மிதந்து வந்தாலோ, மேலே மழை பெய்திருக்கிறது என்று பொருள். ஒரு கணமும் தாமதியாமல் கரையேறுங்கள்.

ஏறும்போது நெஞ்சிலோ தாடையிலோ இடக்கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, அமர்ந்தும் தீராத மூச்சுத்திணறல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அங்கேயே அமருங்கள். நாவின் கீழ் வைக்கும் மாத்திரையை மருத்துவர் தந்திருந்தால், அமர்ந்தபடியே வையுங்கள். உடன் வந்தவர் 108-ஐ அழைக்கட்டும். கைப்பேசியில் தொடர்பு கிட்டாவிடில் ஒருவர் மேலே சென்று உதவி கேட்க, மற்றவர் அருகிலேயே இருக்க வேண்டும். எனவே நோயுற்றவருடன் குறைந்தது இருவராவது வருதல் வேண்டும்.

மேலே தங்குபவர்

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் இறங்க வேண்டாம் என்று முடிவு செய்பவரும் பயணத்தில் பங்குள்ளவரே. கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றின் கரையில் நிழலில் அமர்ந்திருக்கலாம். சற்று நேரத்தில் அருவியாக விழப்போவதும் அந்நீரே. அவரோடு ஒருவர் இருக்க வேண்டும். அவ்வொருவர் எப்போதும் ஒரே ஆளாக இருக்கலாகாது. மாதக்கணக்கில் மாத்திரை எடுத்துத் தந்த மகளும் ஒருமுறை அருவியில் நனைந்து வரட்டும். அந்நேரம் மருமகனோ பேரனோ பெரியவரிடம் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும்.

அடுத்த மறுபரிசோதனையின்போது, எத்தனை படிகள் இறங்கினீர்கள் என்று கேட்போம். நூறு என்றாலும் மகிழ்வோம்; நலமாக ஏறி வந்தீர்கள் என்பதே எங்களுக்கு வேண்டிய விடை.