நடுக் கொக்கி விசிறிக்கா, விளக்குக்கா?

போடிநாயக்கனூரில் வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும்: கூடத்தின் நடுக் கொக்கியில் மின்விசிறியை மாட்டுவதா, அலங்கார விளக்கையா? போடி வெயிலுக்குத் தயங்காமல் விசிறியை மாட்டுங்கள்.

விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை. அதன் மோட்டார் கொஞ்சம் சூடேற்றவே செய்கிறது. நம் தோலை ஒட்டி ஈரமும் சூடுமாக ஒரு மெல்லிய காற்றடுக்கு நிற்கிறது. விசிறி அதைத் தள்ளிவிடுவதால் வியர்வை வேகமாக ஆவியாகி, உடல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி வெறும் மின்செலவுதான்.

17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டுக்குப் போனால் கணக்கு மாறிவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்று ஏறக்குறைய 6 டிகிரி குளிரும். ஏலத்தோட்ட வீடுகளில் நடுக் கொக்கி விளக்குக்கே போகலாம். மழைக்கால மேகமூட்டத்தில் அங்கே பகலிலும் வெளிச்சம் வேண்டியிருக்கும்.

கீழே போடியில் இரண்டும் வேண்டுமென்றால், தயவுசெய்து விளக்கை இறக்கைகளுக்கு மேலே வைக்காதீர்கள். மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால், ஒளியை நொடிக்கு 15 முறை வெட்டும். கண்ணுக்கு அது ஓயாத மினுக்கல். படிக்கிற பிள்ளைகளுக்குப் பெருந்தொல்லை. சுவரில், இறக்கை மட்டத்துக்குக் கீழே விளக்கைப் பொருத்தினால் போதும்.

இரண்டுக்குமான மின்செலவைப் பார்த்தால், பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையற்ற மோட்டார் விசிறி 30 வாட்டிலேயே ஏறக்குறைய அதே காற்றைத் தரும். மிச்சமாகும் 45 வாட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் ஐந்து எரியும்.