சூரியன் பக்கத்திலிருந்து வருபவை

எக்கியார்குப்பம் கரையில் விடியுமுன் படகு தள்ளுகிறவர்களும், வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க மரக்காணம் உப்பளங்களுக்கு வருகிறவர்களும், நகரத்து ஆட்களைவிட எரிநட்சத்திரம் அதிகம் பார்த்தவர்கள். கிழக்கே கடல், மேற்கே உப்பளமும் கழுவெளியும். வானத்தைக் கீறிக்கொண்டு ஓடி மறையும் அந்தக் கோட்டை உண்டாக்கும் பொருள் எவ்வளவு பெரிது என்று ஒரு பிள்ளை கேட்டால், பாத்தியில் கிடக்கும் ஒரு உப்புக்கல்லை எடுத்துக் காட்டலாம். பெரும்பாலான எரிநட்சத்திரங்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர், சில நேரம் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைவதால்தான் அந்தத் துணுக்குக்கு அத்தனை ஒளி. தரைக்கு 80, 100 கிலோமீட்டர் மேலேயே எரிந்து தீர்ந்துவிடும்.

அதே வேகத்தில் ஆறு மாடிக் கட்டடம் அளவுக் கல் ஒன்று வந்தால்? 2013 பிப்ரவரி 15 அன்று காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர மக்கள் அதைப் பார்த்தார்கள். சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல், தரைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. வெளிப்பட்ட ஆற்றல் ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் 30 மடங்கு. ஏறத்தாழ 1,500 பேர் காயங்களோடு மருத்துவ உதவி தேடினார்கள். அன்றைக்கே வேறொரு சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோக இருந்தது. அது ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்ததால் உலகத்து வானியலாளர்கள் எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்று, யாருக்கும் தெரியாமல் சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்து விழுந்தது.

சூரியன் இருக்கும் திசை என்பதுதான் இங்கே முக்கியம். தொலைநோக்கி இரவில் வேலை செய்யும் கருவி. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவிலிருந்து வரும் கல் நமக்குப் பகல் வானத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. விடிவெள்ளி ஏறிய பிறகு, அடிவானம் வெளுக்கும் நேரத்தில், கடலுக்குச் சற்று மேலே இருக்கும் வானத்தில் எந்த விண்மீனும் கண்ணுக்குப் பிடிபடாது. தொலைநோக்கிக்கும் ஏறக்குறைய அதே கதிதான். போதாததற்கு, பல சிறுகோள்கள் கரியைப்போல் இருண்டவை. தம்மீது விழும் வெளிச்சத்தில் மிகச் சிறிய பங்கையே திருப்பி அனுப்புகின்றன.

2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள் இதற்கு அண்மைச் சான்று. சுமார் 60 மீட்டர் அகலமுள்ள அது 2024 டிசம்பர் 25 அன்று பூமியை நெருங்கிக் கடந்தது. சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது டிசம்பர் 27 அன்று, அதாவது கடந்துபோன பிறகு. 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு 3 சதவீதத்தைத் தாண்டியதாக 2025 பிப்ரவரியில் கணக்கு காட்டியது. மோதக்கூடிய இடங்களை வரைந்த கோடு பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் தொடங்கி ஆப்பிரிக்கா, அரபிக் கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. கூடுதல் அளவீடுகள் கிடைத்ததும் பூமிக்கு ஆபத்தில்லை என்று சில நாள்களில் தெளிவானது.

வியாழன் கோளில் இப்படிப்பட்ட மோதல்களை நேரடியாகவே பார்க்க முடிந்திருக்கிறது. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் அமெச்சூர் வானியலாளர் ஆந்தனி வெஸ்லி தம் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, முன்பில்லாத ஒரு கரும்புள்ளி தெரிந்தது. புள்ளி என்று சொன்னாலும் அதன் பரப்பு பசிபிக் பெருங்கடலுக்குச் சமம். சில நூறு மீட்டர் அகலமுள்ள ஏதோ ஒன்று மோதியிருக்கிறது. அது வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று வியாழனில் இன்னொரு பொருள் மோதிப் பளிச்சிட்டதையும் வெஸ்லி பதிவு செய்தார். அதே பளிச்சிடலைப் பிலிப்பைன்ஸில் கிறிஸ்டோபர் கோவும் படம்பிடித்திருந்தார்.

இப்படிப்பட்ட பொருள்களைத் தேடும் வேலை நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் ராபர்ட் போக்சன், 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர் வைத்தார். 1885க்குள் மதராஸிலிருந்து அவர் கண்டவை ஐந்து. அன்றைக்குத் தேடும் முறை பொறுமையைச் சோதிப்பது. வானத்தின் ஒரு துண்டிலுள்ள விண்மீன்களை எல்லாம் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அடுத்த இரவும் அதே துண்டு. நேற்று இருந்த இடத்திலிருந்து ஒரு புள்ளி மட்டும் தள்ளிப்போயிருந்தால் அது விண்மீன் அல்ல, நம் சூரியக் குடும்பத்துப் பொருள். அவர் 1866இல் கண்ட ‘சில்வியா’வுக்கு இரண்டு நிலவுகள் உண்டென்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துகள் பொறித்தபடி, இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. சென்னைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை யாராவது அங்கே அழைத்துப்போக வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகு, ஜவ்வாது மலையின் காவலூரில் அந்தத் தேடல் மறுபடி தொடங்கியது. ஆர். ராஜமோகன் தலைமையில் ‘கல்கி’ என்ற பெயரில் நடந்த திட்டம் அது. 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் புகைப்படத் தகடுகளில் வானத்தைப் படமெடுத்து, நகர்ந்த புள்ளிகளைத் தேடினார்கள். 1988 பிப்ரவரி 17 அன்று கிடைத்த சிறுகோள் இன்று 4130 ராமானுஜன். போக்சனும் ராஜமோகனும் கண்டவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுபவை, நமக்குத் தீங்கில்லாதவை. ஆனால் தீங்கானதைப் பிடிக்கவும் இதே வேலைதான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் காவலூரிலிருந்து தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். இப்படி ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, இந்தத் தேடலுக்கென்றே ஒரு தொலைநோக்கியை நாம் ஓட்டாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

தமிழ்நாட்டில் கல் விழாமலும் இல்லை. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் விழுந்த விண்கல் சுமார் 110 கிலோ. 2016இல் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஒருவர் உயிரிழந்த வெடிப்புக்கும் விண்கல்தான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பாகத்தான் தெரிகிறது என்றார்கள். சிறு கற்களின் வேகத்தைக் காற்று முன்பே உறிஞ்சிவிடுவதால் அவை சாதாரணமாகத் தரையில் வெடிப்பதில்லை.

பெரிய மோதலின் தடயம் எக்கியார்குப்பத்துக்குத் தென்மேற்கே, புதுச்சேரிப் பக்கத்து வழுதாவூர் பாறைகளிலேயே இருக்கிறது. அங்கே சுருள் ஓடுகொண்ட அம்மோனைட் என்ற கடலுயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இந்த வட்டாரத்துப் படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இலேயே விவரித்து எழுதினார். அவற்றுக்குப் பின் படிந்த பாறை அடுக்குகளில் அம்மோனைட் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் சுமார் 10 கிலோமீட்டர் அகலக் கல் விழுந்தபோது, டைனோசர்களோடு சேர்ந்து அவையும் அழிந்தன. தக்காணத்து எரிமலைகளுக்கும் அதில் பங்குண்டு என்று வாதிடுவோர் உண்டு.

அவ்வளவு பெரியதைப் பற்றி இன்று கவலைப்பட வேண்டியதில்லை. பூமியருகே வரக்கூடிய, ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 95 சதவீதத்துக்கு மேல் கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டருக்கு மேற்பட்டவை சுமார் 25,000 இருக்கலாம். அவற்றில் பாதிகூட இன்னும் சிக்கவில்லை. செல்யாபின்ஸ்க் அளவுக் கற்களில் கண்டறிந்தவை சொற்பத்திலும் சொற்பம். முன்கூட்டித் தெரிந்தால் திசைதிருப்பலாம்: 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதி, அது தன் தாய்ச் சிறுகோளைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கு மேல் குறைத்தது. சூரியன் பக்கத்தைப் பார்க்க நியோ சர்வேயர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி தயாராகிறது. பூமியிலிருந்து சூரியன் திசையில் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, இருண்ட கற்களையும் அவற்றின் வெப்பத்தால் அது கண்டுகொள்ளும்.

அதுவரையில் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். செல்யாபின்ஸ்க்கில் காயம்பட்டவர்களில் மிகப் பலரைக் கிழித்தது விண்கல் அல்ல, ஜன்னல் கண்ணாடி. ஒளி முதலில் வந்தது. அதிர்வலை வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் வேடிக்கை பார்க்கப் பலர் ஜன்னலோரம் போய் நின்றார்கள். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும், வெளிச்சம் கண்டதுமே தம் வகுப்புப் பிள்ளைகளை மேசைக்கடியில் குனியச் சொன்னார். அவர் கையைக் கண்ணாடி அறுத்தது. 44 பிள்ளைகளில் ஒருவருக்கும் காயமில்லை.