கணிப்பொறிக்குள் ஒரு நீர்ச்சுற்று

கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டி. அதனுள்ளே வளைந்து செல்லும் குழாய்கள். குழாய்களில் ஓடும் வண்ண நீர். விளையாட்டுக் கணிப்பொறி வைத்திருக்கும் மாணவர் பலருக்கு இப்படி ஒன்றைத் தாமே அமைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்டு. நீர் ஓடினால் பொறி சில்லென்று இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். இது சரிதானா? நாகர்கோவிலிலோ குளச்சலிலோ உள்ள ஒரு வீட்டில் முதன்முறையாக நீர்ச்சுற்று அமைக்க விரும்புவோர், பணத்தைச் செலவிடும் முன்பே இதற்கு விடை காண வேண்டும்.

வெப்பம் பிறக்கும் இடம்

கணிப்பொறி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. நல்ல விளையாட்டுக் கணிப்பொறி ஒன்றில் மையச் செயலி 150 வாட்டும், கிராபிக்ஸ் கார்டு என்று கடைகளில் வழங்கும் வரைகலை அட்டை 350 வாட்டும் செலவிடுவதாகக் கொள்வோம். மொத்தம் 500 வாட்.

இது பெரிய அளவு அன்று. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் வரை உட்கொள்கிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம் 200 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள தட்டில் பரவுகிறது. வரைகலைச் சில்லின் வெப்பமோ ஐந்தாறு சதுர சென்டிமீட்டரில் குவிந்து கிடக்கிறது. பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால், சில்லில் பிறக்கும் வெப்பம் இஸ்திரிப் பெட்டியைப்போல் பத்து மடங்குக்கும் மேல்! அதனை உடனுக்குடன் அகற்றாவிட்டால், சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பநிலை 100 பாகை செல்சியசை ஒட்டிச் செல்லுமானால் பொறி தானே நின்றுவிடும்.

நீர் ஒரு சுமைகூலி

வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு இணையான பொருள்கள் அரிது. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4,180 ஜூல் தேவை. அதே பருமனுள்ள காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அதாவது, பருமனுக்குப் பருமன் நீர் சுமக்கும் வெப்பம் காற்றைவிட 3,500 மடங்கு அதிகம்.

ஆனால் சுமப்பது வேறு, அழிப்பது வேறு. நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் வாங்கி வேறிடத்தில் இறக்கி வைக்கிறது. இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு நமக்கு அருகிலேயே இருக்கிறது. கன்னியாகுமரியை அடுத்த திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 2013ஆம் ஆண்டில் மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டது. அதன் உலையில் ஏறத்தாழ 3,000 மெகாவாட் வெப்பம் பிறக்கிறது. அதில் 1,000 மெகாவாட் மின்சாரமாகிறது. உலையைச் சுற்றி வரும் நீர் ஒரு மூடிய சுற்றில் ஓடுகிறது. அது தன் வெப்பத்தை இரண்டாம் சுற்றின் நீருக்குக் கொடுத்து ஆவியாக்குகிறது. மின்சாரமாகாத வெப்பத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது கடல்.

உங்கள் கணிப்பொறியின் நீர்ச்சுற்றும் இதே வகையானதுதான். ஆனால் உங்களிடம் கடல் இல்லை. அறையின் காற்றுதான் உங்கள் கடல். எனவே சுற்றும் நீர், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் ஆக முடியாது. திட்டமிடுதல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுற்றின் உறுப்புகள்

சில்லின்மேல் அமர்ந்து வெப்பத்தை வாங்குவது, உள்ளே நுண்ணிய பள்ளங்கள் கொண்ட செம்புப் பாளம். நீரைத் தள்ளுவது பம்பு. காற்றுக் குமிழிகள் வெளியேறவும் நீரை ஊற்றவும் உதவுவது நீர்க்கலம். வெப்பத்தைக் காற்றில் இறக்குவது, விசிறிகள் பொருத்திய ரேடியேட்டர். இவற்றை இணைப்பவை குழாய்கள்.

இவற்றுள் சுற்றின் திறனை முடிவுசெய்வது ரேடியேட்டரே. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சிறிய சுற்றில் உள்ள நீர் ஒரு லிட்டர் என்போம். ரேடியேட்டர் இல்லாமல் 500 வாட் அதில் சேர்ந்தால், நீரின் வெப்பநிலை நிமிடத்துக்கு 7 பாகை உயரும். பத்து நிமிடத்தில் கொதிநிலையை எட்டிவிடும்!

எவ்வளவு பெரிய ரேடியேட்டர்?

அனுபவத்தில் கண்ட ஒரு விதி உண்டு. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று பொருந்தும் ரேடியேட்டர்ப் பரப்பு, இரைச்சலின்றி ஏறத்தாழ 100 வாட்டை அகற்றும். அப்போது நீர், அறைக் காற்றைவிட 10 பாகை அளவு சூடாக இருக்கும். நம் 500 வாட்டுக்கு இப்படி ஐந்து பரப்புகள் வேண்டும். மூன்று விசிறிக்கு ஒரு ரேடியேட்டரும் இரண்டு விசிறிக்கு மற்றொன்றும் பொருத்தலாம். வாங்குமுன் பெட்டியில் அவற்றுக்கு இடம் உண்டா என்று அளந்து பார்க்க வேண்டும்.

இனி நம் ஊர்க் கணக்கு. குளிர்நாட்டு அறை 20 பாகையில் இருக்குமானால் நீர் 30 பாகையில் ஓடும். கோடையில் 34 பாகையில் இருக்கும் நாஞ்சில் நாட்டு அறையில் அதே சுற்றின் நீர் 44 பாகையில் ஓடும். பல பம்புகளுக்கு 60 பாகையே மேல்வரம்பு. ஆகவே வெளிநாட்டார் பட்டியலைப் பார்த்து, சிறிய ரேடியேட்டர் போதும் என்று முடிவு செய்வது நமக்குப் பொருந்தாது.

காற்றோட்டமும் முக்கியம். காற்று 6 பாகை சூடாகி வெளியேறுவதாகக் கொண்டால், 500 வாட்டை அகற்ற ஒவ்வொரு நொடியும் 70 லிட்டர் காற்று ரேடியேட்டர்கள் வழியே செல்ல வேண்டும். சன்னல்களை மூடிய சிறிய அறையில் அதே காற்று திரும்பத் திரும்பச் சூடாகும். நீரும் அதனோடு சேர்ந்து சூடாகும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று உங்கள் சன்னலுக்கு வருமானால், அதனை அடைத்து வைக்காதீர்கள்!

எதன் பிறகு எது?

முதலில் மையச் செயலியா, வரைகலை அட்டையா, ரேடியேட்டரா என்று பலர் குழம்புவதுண்டு. குழப்பம் வேண்டா. நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடினால், 500 வாட்டையும் வாங்கிய பின்னும் அதன் வெப்பநிலை 2 பாகைக்குள்தான் உயர்கிறது. எனவே குழாய் குறுகலாகச் செல்லும் வரிசையே நல்ல வரிசை. ஒரே ஒரு கட்டாயம் உண்டு: பம்பு நீர்க்கலத்துக்குக் கீழே, நேரடியாக அதிலிருந்து நீர் பெறும்படி இருக்க வேண்டும். நீரின்றி ஓடும் பம்பு விரைவில் கெட்டுவிடும்.

பனிக்கட்டி ஆசை

பனிக்கட்டியையோ குளிர்பதனப் பொறியையோ சேர்த்து நீரை மேலும் குளிர்விக்கலாமே என்று தோன்றும். நம் கடற்கரையில் இது ஆபத்து. அறை 30 பாகையிலும் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதமாகவும் இருக்கும்போது, 25 பாகைக்குக் கீழான எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். குளிர்ந்த சோடாப் புட்டி வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வியர்வை மின்பலகையில் படிந்தால் என்ன ஆகும்! அறைக் காற்றைவிடச் சற்றே சூடான நீர் குறையன்று; அதுவே பாதுகாப்பு.

உலோகமும் நீரும்

செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் தொடர்பு கொண்டால் ஒரு மின்கலம் போல ஆகிவிடும், அலுமினியம் அரிக்கப்படும். இரும்புப் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இந்த வேதியியலைப் பயன்படுத்தித்தான்; இரும்புக்காகத் துத்தநாகம் கரைகிறது. உங்கள் சுற்றில் கரைய வேண்டிய கட்டி எதுவும் இல்லை. ஆகவே செம்புப் பாளத்துக்குச் செம்பு அல்லது பித்தளை ரேடியேட்டரையே வாங்குங்கள்.

கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. அவற்றின் உப்புகள் நுண்பள்ளங்களில் படியும். காய்ச்சி வடித்த நீருடன், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவையைச் சேர்க்க வேண்டும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மை. ஆனால் சில நாள்களில் உலோக அயனிகள் அதில் சேர்ந்துவிடும். எனவே கசிந்தால் கேடில்லை என்று இருந்துவிட வேண்டா.

சுற்றை முடித்தபின், மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் கொடாமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுவதும் ஓடவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பின் கீழும் வெள்ளைத் தாளை வையுங்கள். தாள் நனையாவிட்டால் மட்டுமே பொறியை இயக்கலாம். பம்பின் வேகத்தைக் காட்டும் கம்பியை மின்பலகையோடு இணைத்தால், பம்பு நின்றதும் எச்சரிக்கை கிடைக்கும். உப்புக் காற்று வீசும் ஊர்களில் ரேடியேட்டரின் தூசியை மாதம் ஒருமுறை நீக்குவது நலம்.

பெரிய பொறிகளும் சிறிய பொறியும்

நீர்க்குளிர்ச்சி புதியதன்று. 1980இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081 கணிப்பொறியின் சில்லுகளின் வெப்பத்தை நீரே அகற்றியது. 2022ஆம் ஆண்டு மே மாதம் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் திறக்கப்பட்ட பரம் பொருள் என்னும் 838 டெராபிளாப் மீக்கணிப்பொறியிலும் வெப்பத்தை நேரே வாங்கும் திரவக் குளிர்ச்சியே கையாளப்பட்டுள்ளது. அங்கு நோக்கம் அழகன்று. குளிர்விப்பதற்கான மின்செலவைக் குறைப்பதே.

அப்படியானால் உங்களுக்கு இது தேவையா? கணிப்பொறியின் மொத்த வெப்பம் 200 வாட் அளவில் இருந்தால், செம்புக் குழல்களும் நல்ல விசிறியும் கொண்ட காற்றுக் குளிர்விப்பானே போதும். செலவும் பல மடங்கு குறைவு. 500 வாட் பொறியில் நீர்ச்சுற்று தரும் பெரும்பயன் இரைச்சல் குறைவதும், சில்லின் வெப்பநிலை தணிவதுமே. விளையாட்டின் வேகம் சிறிதளவே கூடும்.

எனவே ஒரு தாளை எடுங்கள். பொறியின் வாட், அறையின் கோடை வெப்பநிலை, பெட்டியில் உள்ள இடம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மேலே கண்ட கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். விடை பொருந்தினால் கடைக்குச் செல்லலாம். பொருந்தாவிட்டால், அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் ஒரு நல்ல விசிறி வாங்கி அறையின் சன்னலைத் திறந்து வைப்பதே அறிவியலுக்கு உகந்த முடிவாகும்.