அமாவாசைக்கு வேன் பேசியாச்சு!

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குப் பழக்கமான மலைகள் நார்த்தாமலையும் குடுமியான்மலையும்தான். மொட்டைப் பாறைகள். வானம் இருண்டால் உச்சியிலிருந்தே தெரியும், இறங்கிவிடலாம். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பாறையும் காய்ந்துவிடும். அந்தக் கணக்கோடுதான் ராத்திரியே வேன் பிடித்து, மதுரை வழியாக, விடியும்போது சதுரகிரி மலைக்கோயிலின் அடிவாரமான தாணிப்பாறையில் போய் இறங்குகிறார்கள். அங்கே மழை எச்சரிக்கையால் கேட் மூடியிருந்தால் கோபம் வருகிறது. “இங்கே வெயில் சுள்ளென்று அடிக்குது, எதுக்குத் தடை?” கேள்வி நியாயம்போலத் தோன்றும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆளை அடிப்பது தலைமேல் பெய்கிற மழை அல்ல, கண்ணுக்குத் தெரியாத முகட்டில் எப்போதோ பெய்து முடித்த மழை. அத்தனை சரிவுகளின் தண்ணீரும் ஓர் ஓடைக்குள் திரண்டு, ஏறும் வழியிலுள்ள மாங்கனி ஓடையையோ சங்கிலிப்பாறையையோ நாம் தாண்டும் நேரத்தில் வந்து சேரும். முழங்கால் அளவு ஓட்டமே பெரிய ஆளைச் சாய்க்கப் போதும். அடியில் இருப்பது வழுக்குகிற பாறை.

2015 மே மாத அமாவாசைக்குப் போனவர்களில் பலர் அப்படித்தான் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். மே மாதத்தில் வெள்ளமா என்று அன்று எல்லாரும் அதிர்ந்தார்கள். கோடை மழையின் குணமே அதுதான். காலை முழுக்கக் காய்ந்த சரிவில் சூடான ஈரக்காற்று மேலேறி, பிற்பகலில் இடியும் மின்னலுமாகக் கொட்டும். விடிகாலையில் ஏறியவர்கள் இறங்குவதும் அதே பிற்பகலில். புயல் அப்படியல்ல. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் வரப்போவது நாள்கணக்கில் முன்பே தெரிந்தது. கீரமங்கலம் பக்கம் தென்னைகளைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் ஆட்கள் ஒதுங்க அவகாசம் இருந்தது. ஒரு மலைமுகட்டு மேகத்துக்கு அப்படி நாள் குறிக்க முடியாது. வானிலை எச்சரிக்கை மாவட்டத்துக்கு வரும், ஓடைக்கு வராது.

அந்தக் காலத்தில் எல்லா மழையிலும் போய்வந்தார்களே என்பார்கள். போனார்கள், ஓடையில் தண்ணீர் வந்தால் வடியும்வரை மேலேயே தங்கினார்கள். இப்போது இரவு தங்க அனுமதி இல்லை, அன்றே இறங்கியாக வேண்டும்.

ஆனால் மழையைவிடப் பயமுறுத்துவது வேன் வாடகை. திதி மாறாது, லீவு ஒரு நாள்தான், தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. “இவ்வளவு தூரம் வந்துட்டு...” என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தால் போதும், திரும்பலாம் என்று நினைப்பவர் வாயைத் திறக்க மாட்டார். கேட் திறந்திருக்கும் நாளிலும், மேலே கருக்கல் கட்டியதைப் பார்த்த பிறகும் ஏற வைப்பது பக்தியைவிட இந்தக் கணக்குதான். திரும்பி வருவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை முதலிலேயே பேசிவிட வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு அட்வான்ஸை மாற்றிக்கொள்ளலாமா என்று வேன் பேசும் அன்றே கேட்டுவிட்டால் பாதி வேன்காரர்களாவது ஒத்துக்கொள்வார்கள். டீசல் போட்டுத் தாணிப்பாறை வரை வந்த பிறகு கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.