மரம் வாழ நார் எடுக்கும் கல்வி

நெய்வோருக்கு நூலும், பயிரிடுவோருக்கு விதையும் முதற்பொருள்கள். முதற்பொருளை அழித்துவிட்டுத் தொழிலை வளர்க்க இயலாது என்பதை நம் உறுப்பினர்கள் யாவரும் அறிவர். இவ்வுண்மையைப் பள்ளிச் சிறுவர்களுக்கு ஏட்டளவில் நிறுத்திவிடாமல், காட்டிலும் புல்வெளியிலும் நேரில் காட்டிக் கற்பிக்கும் முறை கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருந்து வருகிறது. அதனை இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

பட்டை உரிக்கும் பருவம்

அங்கே பனிக்காலம் கழிந்து இளவேனில் வந்ததும், ஆசிரியர்கள் மாணவர்களை வெளியே அழைத்துச் செல்வர். அந்நிலத்தின் பழங்குடி மூத்தோர் உடன் வந்து விளக்குவதும் உண்டு. அவர்கள் காட்டும் மரங்களுள் தலையாயது சிவப்புச் செடார். இளவேனிலின் பிற்பகுதியில் மரத்தில் சாறு ஏறும்போது பட்டை நெகிழ்ந்து கொடுக்கும். அதுவே நார் எடுக்கும் காலம். முதலில் மரத்திற்கு நன்றி கூறுவர். பின்னர் அடிமரத்தில் ஓரிரு கையகல அளவுக்குக் குறுக்கே வெட்டி, பட்டையைப் பெயர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பர். பட்டை மேலே செல்லச் செல்லக் குறுகி, இறுதியில் தானே அறுந்து விழும். மேற்பட்டையை நீக்கி, உட்பட்டையை மட்டும் மடித்து உலர்த்தி வைப்பர். வேண்டும்போது நீரில் ஊறவைத்து, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்துப் பாய், கூடை, தொப்பி முதலியன முடைவர், கயிறும் திரிப்பர்.

மரத்தைச் சுற்றிலும் உரித்தால் அது பட்டுப்போகும். ஆகவே ஒரு சிறு பகுதியை மட்டுமே எடுப்பர். மரம் தழும்புடன் தொடர்ந்து வளர்கிறது. இத்தகைய தழும்புள்ள பழைய மரங்கள் அக்காடுகளில் இன்றும் நிற்கின்றன. 1846-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட தழும்புகள் அம்மாகாணச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை.

பூவைக் கண்டு களை எடுத்தல்

வான்கூவர் தீவின் தென்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் கேமாஸ் என்னும் செடி நீல நிறத்தில் பூக்கும். வெங்காயம் போன்ற அதன் கிழங்கு பழங்குடியினரின் முக்கிய உணவாக இருந்தது. ஆனால் அதே நிலத்தில் கொடிய நஞ்சுள்ள வேறொரு கிழங்கும் முளைக்கும். மண்ணுக்குள் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நச்சுச் செடியின் பூவோ வெளிர்நிறமுடையது. எனவே பூக்கும் பருவத்திலேயே அதனைக் கண்டு களைந்துவிடுவர். பெரிய கிழங்குகளை எடுத்துக்கொண்டு சிறியவற்றை மீண்டும் ஊன்றுவர். புதர் மண்டாதிருக்க அளவறிந்து தீயிடுவதும் உண்டு. குடியேறிய வெள்ளையர் காட்டுப் புல்வெளி என்று கருதியது உண்மையில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட விளைநிலமே. இன்று அவ்வகை நிலத்தில் நூற்றில் ஐந்து பங்குகூடப் பழைய நிலையில் எஞ்சவில்லை.

அறுந்த இழை

இவ்வறிவு இயல்பாக நலிந்துவிடவில்லை. கனடா அரசாங்கம் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்தது. ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை கிடைத்தது. எந்தப் பருவத்தில் பட்டை நெகிழும், எந்தப் பூ நஞ்சு என்று பாட்டி பேத்திக்குக் கூற வாய்ப்பே இல்லாது போயிற்று. இப்பள்ளிகளில் இறுதியானவை 1990-களின் பிற்பகுதியிலேயே மூடப்பட்டன. இக்கொடுமையை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. பழங்குடியினரின் அறிவைப் பள்ளிப் பாடங்களில் சேர்க்க வேண்டும் என்பது அவற்றுள் அடங்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2016-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டமும் அதற்கு இடமளித்தது. பள்ளியால் அறுந்த இழையைப் பள்ளியின் வழியாகவே முடிச்சிட முயல்கின்றனர். ஓரிரு நாள் உலாவினால் அது முழுமையாகக் கைகூடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அறிந்த மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே தொடங்கியது நன்று.

நம் உறுப்பினர்களின் இல்லங்களிலும் பாவின் பதத்தையும் மண்ணின் ஈரத்தையும் விரலால் அறியும் முதியோர் இருக்கின்றனர். விடுமுறை நாட்களில் குழந்தைகளை அவர்கள் அருகே அமர்த்தி வைத்தால், அதற்குச் செலவொன்றும் இல்லை, பயனோ பெரிது.