வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போறீங்களா? இதையெல்லாம் கவனிங்க!

புதுக்கோட்டையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நடுவில் தீபாவளி, அடுத்து பொங்கல். வீடுகள் பூட்டிக் கிடப்பதும், எலியும் பாம்பும் ஈரமில்லாத இடம் தேடுவதும் ஒரே சீசனில்தான். அதனால் பூட்டு மட்டும் போதாது.

திருடன் எதைப் பார்ப்பான்?
வாசலில் குவியும் பேப்பர், பகலிலும் எரியும் லைட். பேப்பர், பாலை நிறுத்தச் சொல்லுங்க. பக்கத்து காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தால், ரோந்து போலீஸார் வீட்டின் மீது ஒரு கண் வைப்பார்கள். டூர் போட்டோவை திரும்பி வந்து ஸ்டேட்டஸில் போடலாம்.

நகை, பத்திரம்?
நகைக்கு வங்கி லாக்கர் நல்லது. ஆனால் வங்கியின் அலட்சியத்தால் திருடு போனால், இழப்பீடு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குதான். இது 2022 ஜனவரி முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி. கரையான் சுவர் வழியே ஏறும். பத்திரங்களை சுவரை ஒட்டிய மர அலமாரியில் விட வேண்டாம்.

எலி, பாம்பு?
சுண்டெலி நுழைய 6 மி.மீ. இடைவெளி போதும். கதவின் அடி, பைப் ஓட்டைகளை அடையுங்க. எலியைத் தேடி பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். ஊர் திரும்பியதும் பாய், ஷூவைக் குச்சியால் தட்டிப் பாருங்க. பாம்பைக் கண்டால் தீயணைப்புத் துறைக்கு 101. கடித்தால் கீற வேண்டாம், கட்ட வேண்டாம், உடனே 108.