பேச்சை மறந்த பெண் குழந்தை

ஒரு வயது வரை நன்றாக வளர்ந்த பெண் குழந்தை. பொம்மையைப் பிடித்தது, "அம்மா" என்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு நின்றுபோகிறது. எதையும் கையால் எடுப்பதில்லை. துணி பிழிகிற மாதிரி எந்நேரமும் கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. "கண்ணு பட்டிருக்கும்", "மாசமா இருக்கும்போது தாய்க்காரி பத்தியமா இருக்கலை" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இதற்கு ரெட் நோய் என்று பெயர். சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. வியன்னா டாக்டர் ஆந்திரியாஸ் ரெட் 1966-லேயே இதைப் பற்றி எழுதினார். ஜெர்மன் மொழியில் இருந்ததால் பலர் கவனிக்கவில்லை.

1983-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இப்படியொரு குழந்தையைப் பார்த்தார் டாக்டர் ஹூதா சோக்பி. பெய்ரூட்டில் பிறந்தவர். லெபனான் உள்நாட்டுப் போரால் படிப்பை அமெரிக்காவில் முடித்தவர். பெரும்பாலும் குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டுமே வருவதால் இது மரபணுக் கோளாறாக இருக்காது என்றே பலரும் நினைத்தார்கள். அவர் விடவில்லை. 16 வருஷம் கழித்து, 1999-ல், எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்.இ.சி.பி.2 என்ற மரபணுதான் காரணம் என்று அவருடைய குழு கண்டுபிடித்தது.

மூளைச் செல்லில் மற்ற மரபணுக்களை வேலை வாங்கும் மேஸ்திரி மாதிரி இது. இதன் வேலை குறைந்தால் ரெட் நோய். இரண்டு மடங்கானாலும் மூளை கெடுகிறது என்று 2004-ல் எலிகளை வைத்து அவர்களே காட்டினார்கள். வாத பித்த கபம் படித்த எனக்கு இது புதுசாகத் தோன்றவில்லை!

இந்தக் கோளாறு அநேகமாகப் புதிதாகவே உண்டாகிறது, அதுவும் பெரும்பாலும் தகப்பனின் விந்தணுவில். தாயின் பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்காக மாப்பிள்ளையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அவர் என்ன செய்வார், பாவம்.

குணமாகுமா? 2007-ல் எடின்பரோவில் ஏட்ரியன் பர்ட் குழுவினர், அடைத்து வைத்திருந்த இந்த மரபணுவை எலிகளில் மறுபடி இயங்க வைத்தபோது நோய்க்குறிகள் பெருமளவு மறைந்தன. மூளைச் செல்கள் மீள முடியாதபடி கெட்டுவிடவில்லை என்பது அப்போது தெரிந்தது. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரோஃபினடைடு என்ற மருந்து சில தொந்தரவுகளைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: இதைத் தீர்க்கும் லேகியமோ பஸ்பமோ கிடையாது. "ஒரு மண்டலத்தில் பேச வைக்கிறேன்" என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கற்ற சொல்லையோ கைவேலையையோ குழந்தை இழந்தால், உடனே குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் மரபணுவைப் பார்க்கலாம். வலிப்பு, முதுகு வளைதல், விழுங்கும் சிரமம் இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. இந்தக் குழந்தைகள் கண்ணால் பேசுவார்கள். பால் டம்ளர் படம் ஒன்று, பொம்மைப் படம் ஒன்று எதிரே பிடித்துப் பாருங்கள். வேண்டியதைப் பார்த்துச் சொல்வாள். கொஞ்சம் நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள்.